ஃபேனை நிறுத்தும் சங்கம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூடத்து ஃபேன் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. எலக்ட்ரீஷியன் வந்தார், முதல் வேலையாகச் சுவிட்சை அணைத்தார். இறக்கைகள் வேகம் குறைந்து, ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிந்து, கடைசியில் சின்னதாக ஓர் ஆட்டம் ஆடி நின்றன. அவ்வளவுதான், எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மணி பார்த்தேன். கைப்பை எங்கே என்று தேடினேன். பஞ்சு, தண்ணீர், டார்ச், தலையணை என்று மனம் தானாக வரிசை போட்டது.

"வெளிய கெளம்பணுமாம்மா? பத்து நிமிஷத்துல முடிச்சிடறேன்" என்றார் அவர்.

எங்கும் கிளம்பவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன் நின்றால் எனக்கு இப்படித்தான் ஆகும். மின்வெட்டு வந்தால் மற்றவர்கள் விசிறி மட்டை தேடுவார்கள், நான் வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்ப்பேன். திருவண்ணாமலையில் வேலை பார்த்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது.

கண் பரிசோதனைப் படிப்பு முடித்ததும் அங்கே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் சேர்ந்தேன். கடைக்கு எதிரே ஒரு பாத்திரக் கடை. அதன் மாடியில் ஊர்ச் சேவைச் சங்கம் ஒன்றின் அறை இருந்தது. சங்கத்தின் செயலாளர் ஷபீர் பாய்தான் பாத்திரக் கடைக்கும் சொந்தக்காரர். கண் முகாமுக்கு லென்ஸ் பெட்டி இரவல் கேட்டு ஒரு நாள் கடைக்கு வந்தார். பெட்டி என்னோடுதான் வரும், தனியாக வராது என்றேன். "அப்ப நீயும் வாம்மா, இன்னா போச்சு" என்றார். அப்படிப் போனவள்தான், மூன்று வருஷம் திரும்பவில்லை.

அந்த அறையின் வாசனை இப்போதும் நினைவிருக்கிறது. டெட்டால், ரப்பர், கீழே கடையிலிருந்து ஏறிவரும் புதுப் பித்தளை. மடக்கிய சக்கர நாற்காலிகள், வாக்கர்கள், படுத்த படுக்கையானவர்களுக்கான தண்ணீர் மெத்தைகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். வேண்டியவர்கள் எடுத்துப் போவார்கள், வேலை முடிந்ததும் கொண்டுவந்து வைப்பார்கள். எப்படி முடிந்தது என்று யாரும் கேட்பதில்லை. நான் போன முதல் வாரமே எல்லாவற்றுக்கும் எண் ஒட்டினேன். பீரோவுக்கு ஒட்டினேன், பீரோவின் இரண்டு கதவுகளுக்கும் தனித்தனியாக ஒட்டினேன். "பாப்பா, எனக்கும் ஒண்ணு ஒட்டிடு, காணாம போனா கண்டுபிடிக்கலாம்" என்று பாய் நெற்றியைக் காட்டினார்.

பீரோ முழுக்கச் சால்வைகள். சங்கத்தில் யார் யாருக்கு நன்றி சொன்னாலும் சால்வைதான். பெற்றவர்கள் அதையே அடுத்த விழாவுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஒரே பச்சைச் சால்வை ஒரு வருஷத்தில் மூன்று முறை என் தோளுக்கு வந்தது. சால்வையை விட ஃபிளெக்ஸ் பேனர் உபயோகமானது. மழைக்காலத்தில் கூரை ஒழுகும் வீடுகளுக்குப் பழைய பேனர்களைக் கொடுப்போம். வேங்கிக்கால் தாண்டி ஒரு குடிசைமேல் எங்கள் முன்னாள் தலைவர் இரண்டு வருஷம் தலைகீழாகச் சிரித்துக்கொண்டு இருந்தார். அவர் அதைப் பார்த்துவிட்டு, "ஒழுகுதா?" என்று மட்டும் கேட்டாராம்.

சரி, ஃபேனுக்கு வருகிறேன்.

சங்கத்தின் வேலைகளில் கண் தானமும் ஒன்று. ஒருவர் இறந்தால் ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுத்தாக வேண்டும். எடுக்கிற டெக்னீஷியன் வேலூரிலிருந்து கண் வங்கி ஜீப்பில் வருவார். அவர் வரும்வரை கண்கள் காயாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைக்க வேண்டும், தலைக்குக் கீழே இரண்டு தலையணை வைத்து உயர்த்த வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஃபேனை நிறுத்த வேண்டும், காற்று பட்டால் கருவிழி காய்ந்துவிடும். படிப்பதற்குச் சுலபமாக இருக்கிறது, இல்லையா? வெயில் காலத்தில், இருபது பேர் சுற்றி உட்கார்ந்து அழுகிற அறைக்குள், முன்பின் தெரியாத ஒரு பெண் நுழைந்து சுவிட்சைத் தேடுவதை நினைத்துப் பாருங்கள். நான் அணைப்பேன், யாராவது போடுவார்கள், மறுபடி அணைப்பேன். ஊரில் எங்களுக்கு 'ஃபேனை நிறுத்தற சங்கம்' என்றே பெயர்.

அந்தப் பெயரை வைத்தவர் எங்கள் உறுப்பினர் கண்டக்டர் தட்சிணாமூர்த்திதான். அரசுப் பேருந்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் சங்கம் போடும் மோர்ப் பந்தலில் அவர்தான் நிற்பார். டம்ளரை நீட்டுகிறவர்களிடம், "மோரக் குடிச்சிட்டுப் போங்க, போறப்போ கண்ணக் குடுத்துட்டுப் போங்க" என்பார். பாதிப் பேர் டம்ளரோடு ஓடிவிடுவார்கள். தன் கண்ணையும் எழுதிக் கொடுத்திருந்தார். மனைவி வள்ளியம்மாவிடம் கேட்காமல் எழுதிக் கொடுத்ததால், அந்த அம்மாள் பந்தல் பக்கமே வரமாட்டார். "ஒரு மாசமா ரசத்துல உப்பில்ல பாப்பா" என்று அவர் என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

அவர் இறந்தது ஒரு பௌர்ணமி நாள் மதியம். சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

பௌர்ணமி அன்று திருவண்ணாமலையில் இருந்திருக்கிறீர்களா? வெளியூர்ப் பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். வெயில் சாய்வதற்குள் சாலை முழுவதும் மனிதர்கள். கண்டக்டர் வீடு செங்கம் சாலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய சந்தில் இருந்தது. நான் கடையிலிருந்து அங்கே நடந்து சேர்வதற்குள்ளேயே இரண்டு பேர் என்னை வலம் வருகிறவள் என்று நினைத்து, "செருப்பக் கழட்டிட்டுப் போம்மா" என்றார்கள்.

உள்ளே போனதும் ஃபேனை நிறுத்தினேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த கண்டக்டரின் தம்பி முனிரத்தினம் போட்டார். நிறுத்தினேன். போட்டார்.

"யாரு நீ? இன்னா பண்ற?"

சொன்னேன். என் குரல் அப்போதெல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கும், மருந்துச் சீட்டை வாசிக்கிற மாதிரி. அது அவருக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"எங்கண்ணனுக்கு பௌர்ணமில சாவு கெடச்சிருக்கு. யாருக்குக் கெடைக்கும்? அந்தாண்ட மலையிருக்கு, இந்தாண்ட கண்ண நோண்டி அனுப்பறதா? அண்ணி, நீ சொல்லு."

வள்ளியம்மா கணவரின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. "அவரு எழுதிக் குடுத்தாருதான்" என்றார். "எனக்குப் புடிக்கல."

அதற்குமேல் எனக்குப் பேச உரிமை இல்லை. எழுதிக் கொடுத்தவர் போன பிறகு, மனைவி சம்மதித்தால்தான் எடுக்க முடியும். வேண்டாம் என்று அவர் இன்னும் சொல்லவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஈரப் பஞ்சை மட்டும் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அவர் தலையை அசைத்தார், எந்தப் பக்கம் அசைத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வைத்தேன். தலையணை வைத்தேன். ஃபேன் மேலே சுற்றிக்கொண்டே இருந்தது. பஞ்சு காயக் காய நனைத்தேன். வாசலுக்குப் போனேன், வந்தேன், மறுபடி போனேன். ஓர் இடத்தில் இரண்டு நிமிஷம் என்னால் நிற்க முடியவில்லை. ஆறு மணி நேரத்தில் பாதிக்குமேல் போய்விட்டிருந்தது.

அப்போது பாய் போன் செய்தார். வேலூர் ஜீப்பை வேங்கிக்கால் பக்கத்திலேயே போலீஸ் நிறுத்திவிட்டதாம். டெக்னீஷியனைத் தன் டிவிஎஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவதாகச் சொன்னார். பிறகு வெகுநேரம் போன் இல்லை. முனிரத்தினம் ஆட்களைக் கூப்பிட்டு, "தண்ணி எடுத்தாங்க, குளிப்பாட்டிடலாம். இதுக்குமேல எவன் வரப் போறான்?" என்றார்.

வழியில் நடந்ததைப் பாய் பிற்பாடு சொன்னார். டெக்னீஷியன் மடியில் ஐஸ் பெட்டி. பௌர்ணமி அன்று அந்த ஊரில் பெட்டியோடு வண்டியில் வருகிறவர் என்றால் ஒரே அர்த்தம்தான், அன்னதானம். கிரிவலப் பாதைக்குள் நுழைந்து வண்டி மெதுவானதும் கைகள் நீண்டன. "தம்பி, இன்னா குடுக்கறாங்க? மோரா? சுண்டலா?" ஒரு குடும்பமே வண்டிக்கு முன்னால் வரிசையில் நின்றுவிட்டது. டெக்னீஷியன் வெளியூர்க்காரர், "இது கண்ணுக்கு, இது கண்ணுக்கு" என்று கத்தியிருக்கிறார், யார் காதிலும் விழவில்லை. "தீந்துபோச்சு! எல்லாம் தீந்துபோச்சு!" என்று கத்தியது பாய்தான். "தீந்துபோன பெட்டிய ஏன்யா கட்டிப்புடிச்சினு இருக்கான்?" என்று ஒருவர் நியாயமாகக் கேட்டாராம். ஓர் அம்மாள் எதற்கும் இருக்கட்டும் என்று பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம். கடைசியில் வண்டியை அங்கேயே போட்டுவிட்டு இரண்டு பேரும் ஓடத் தொடங்கினார்கள்.

ஓடுகிற ஓட்டத்தில்தான் பாய் மறுபடி போன் செய்தார். என் கை முழுக்க ஈரம். போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். அறை முழுவதும் அவருடைய மூச்சிரைப்பு கேட்டது. பின்னால் கூட்டத்தின் இரைச்சல்.

"பாப்பா... ஓடியாந்துக்கினே இருக்கோம்... அம்மாவக் கொஞ்சம் இருக்கச் சொல்லு..."

வள்ளியம்மா போனைப் பார்த்தார். பிறகு கணவரின் முகத்தைப் பார்த்தார்.

"யாரு ஓடி வர்றது?"

"பாயும், வேலூர்லேர்ந்து வந்தவரும்மா."

"ஓடியா வராங்க?"

"ஆமாம்மா."

எழுந்தார். முனிரத்தினத்தைத் தாண்டிப் போய் ஃபேனை அணைத்தார். அணைத்துவிட்டு அந்தச் சுவிட்சுக்கு நேர் கீழே, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார்.

"அண்ணி!"

"உங்கண்ணன் முப்பது வருஷம் பஸ்ல நின்னாரு. ஆளு ஓடி வரத பாத்துட்டு ஒரு நாளாவது விசில் குடுத்திருக்காரா? டிரைவரு திட்டுவாரு, உள்ள இருக்கறவன் திட்டுவான். குடுக்க மாட்டாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஓடி வராங்கல்ல? வந்து ஏறட்டும். அப்பறம் எடுத்துனு போலாம்."

இறக்கைகள் நின்றன. புழுக்கத்தில் எல்லோருக்கும் வியர்த்து வழிந்தது. ஒருவரும் அந்தச் சுவிட்சின் பக்கம் போகவில்லை.

அவர்கள் வந்துவிட்டார்கள். வேலை அதிக நேரம் எடுக்கவில்லை. முடிந்ததும் முனிரத்தினம் அண்ணன் முகத்தருகே குனிந்து வெகுநேரம் பார்த்தார். மூடிய இமை மூடியபடி இருந்தது, தூங்குகிறவர் போல. "ஒண்ணும் தெரியலையே" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, சின்னப் பிள்ளை மாதிரி, "இப்ப ஃபேனப் போடலாங்களா?" என்று கேட்டார்.

அடுத்த பௌர்ணமியிலிருந்து மோர்ப் பந்தலில் வள்ளியம்மா நின்றார். யாரும் கூப்பிடவில்லை, அவராகவே வந்தார். மோரை ஊற்றுவார், டம்ளரைக் கொடுக்கும்போது எதிரே நிற்பவரின் முகத்தையே பார்ப்பார். மோர் வழிந்து கையில் ஓடும். கண் யாருக்குப் போயிற்று என்று கண் வங்கி சொல்லாது, அது விதி. எனக்கு இது சங்கடமாக இருந்தது. ஒரு நாள் படிப்பாளித்தனமாக விளக்கினேன். கருவிழி என்பது கைக்கடிகாரத்தின் மேலிருக்கும் கண்ணாடி மாதிரி, நிறமே கிடையாது, மாற்றி வைத்தாலும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்றேன்.

"அது தெரியும்மா" என்றார். "நான் அவங்க கண்ணப் பாக்கல. குடிச்சி முடிச்சிட்டு எங்க பாக்கறாங்கன்னு பாக்கறேன். இவரு மொதல்ல மலையத்தான் பாப்பாரு."

அன்றைக்கு மோர் குடித்த முக்கால்வாசிப் பேர் மலையைத்தான் பார்த்தார்கள். நான் அதை அவரிடம் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கும்.

இப்போது அந்த மாடி அறையில் செல்போன் உறை விற்கிறார்கள். வேலை மாறி நான் ஊரை விட்டு வந்த பிறகு, புதிதாகச் சேர ஆள் இல்லாமல் சங்கம் மெல்லக் கலைந்துபோனது. பாய் மகள் வீட்டோடு ஆம்பூரில் இருக்கிறார். வள்ளியம்மாவைப் பிள்ளை ஓசூருக்குக் கூட்டிப் போய்விட்டார். பந்தல் இருந்த இடத்தில், போன முறை நான் போனபோது, தடுப்புக் கம்பிதான் இருந்தது. கண் தானம் என்றால் ஓர் எண்ணுக்குப் போன் செய்தால் போதும், பயிற்சி பெற்றவர்களே வண்டியோடு வந்துவிடுகிறார்கள். எங்களை விட வேகம், எங்களை விடச் சுத்தம். நல்லதுதான், மனதார நல்லது என்றுதான் சொல்கிறேன். இறந்தவர் வீட்டுக்கு உறவுக்காரர்கள் வருவதற்கு முன்பே கண்ணாடிக் குளிர்பெட்டி வந்துவிடுகிறது. அதற்குள் காற்று வீசுவதில்லை, யாரும் யாரோடும் ஃபேனுக்காகச் சண்டை போட வேண்டியதில்லை. ஒரு சுவிட்சுக்குக் கீழே உட்கார்ந்து காவல் காக்கவும் ஆள் வேண்டியதில்லை.

எலக்ட்ரீஷியன் ஸ்டூலிலிருந்து இறங்கினார். "பேரிங் மாத்திட்டேன். இப்ப போடுங்கம்மா, பாக்கலாம்."

சுவிட்சில் கை வைத்தேன். உடனே போட வரவில்லை. வாசலைத் திரும்பிப் பார்த்தேன். தெரு வெயிலில் காலியாகக் கிடந்தது. யாரும் ஓடி வரவில்லை.

போட்டேன்.