நாற்பது நிமிடம்

பஸ் நிலையத்தில் அவர் டைம்கீப்பராக இருந்த இருபத்தாறு வருஷமும் ஆறு பத்து வண்டி ஆறு பத்துக்குத்தான் கிளம்பியது. யாரோ மூட்டையோடு ஓடி வருகிறார், ஒரு நிமிஷம் பொறுக்கலாமே என்று டிரைவர்கள் கெஞ்சினால், விசிலை வாயில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவார். “மாமா, உங்க உயிர்கூட டைம் பார்த்துட்டுத்தான் போகும்” என்று ஒரு டிரைவர் சொன்னது நிலையம் முழுக்கப் பரவியது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

வீட்டில் அறைக்கு ஒரு கடிகாரம். குளியலறையிலும் ஒன்று மாட்டினார். ‘இந்த மனுஷனைக் கட்டிக்கிட்டதுக்கு மணிக்கூண்டைக் கட்டிக்கிட்டிருக்கலாம்’ என்று மனைவி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். பட்டாளத்தில் இருந்து வந்த பழக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். பழக்கமில்லை, பயம். அதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

பட்டாளத்தில் அவர் வயர்லெஸ்காரர். இருபத்தேழு வயதில், பனி மூடிய ஒரு மலைமுகட்டில், ஏழு பேரோடு மாட்டிக்கொண்டார். கீழே போகும் வழி எதிரிகள் கையில். இரண்டு பேருக்குக் காயம். அதில் ஒருவன் அவருடைய உயிர்த் தோழன், வயிற்றில் குண்டு. வயர்லெஸ் பெட்டியின் பேட்டரி கொஞ்சம்தான் மிச்சம். அதனால் கீழ்முகாமில் இருந்து உத்தரவு வந்தது: காலை ஆறு, மாலை ஆறு, ஐந்தே நிமிஷம் பெட்டியைத் திறந்து வை, அப்போது கூப்பிடுவோம், நீ பதில் சொன்னால் ஹெலிகாப்டர் வரும். பதில் வராத மலைக்கு ஹெலிகாப்டர் அனுப்ப மாட்டார்கள்.

ஓடிக்கொண்டிருந்த கைக்கடிகாரம் அவருடையது ஒன்றுதான். தினமும் படுக்கும் முன் சாவி கொடுக்க வேண்டிய ரகம். மூன்றாம் நாள் இரவெல்லாம் தோழனின் காயத்தைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாவி கொடுக்க மறந்து போனது. விடிந்து பார்த்தால் முள் நின்றிருந்தது. வெளிச்சத்தைப் பார்த்து ஒரு குத்துமதிப்பாக மணி வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருப்பவர்களிடம் போய் இதையும் சொல்வானேன் என்று நினைத்தார்.

அடுத்த நாலு நாள், காலையும் மாலையும், ஆறு மணிக்குப் பெட்டியைத் திறந்தார். இரைச்சல்தான் வந்தது. அதற்கடுத்த நாள் விடியலில் தோழன் போய்விட்டான். இனி எதற்குச் சேமிப்பது, பேட்டரி தீரும்வரை திறந்தே வை என்றார் கூட இருந்தவர்களில் மூத்தவர். அன்று மாலை, அவர் கடிகாரத்தில் ஐந்து இருபது ஆனபோது, காதில் குரல் கேட்டது. நாலு நாளாகக் கூப்பிடுகிறோம், எங்கே போனீர்கள் என்று திட்டியது அந்தக் குரல். கீழே அப்போது மணி ஆறு. மறுநாள் ஹெலிகாப்டர் வந்தது.

விசாரணையில் பெட்டி பழுதாகியிருந்தது என்றார். ஒருவரும் மேலே கேட்கவில்லை. பனியில் கருகிய மூன்று கால்விரல்களை எடுத்து, பென்ஷன் கொடுத்து அனுப்பினார்கள்.

தோழனுக்கு ஒரு தங்கை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நாற்பத்தோரு வருஷமாக அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறாள். அவருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்த பிறகு, வியாழக்கிழமை தவறாமல் வந்து உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டுவாள். கீழ்முகாம்காரர்களைப் பற்றி வாரம் ஒரு தடவையாவது திட்டாமல் போகமாட்டாள். ‘லைன்ல ஆள் வரலைன்னா நாங்க இருபது தடவை கூப்பிடுவோம். அவனுங்க ஓட்டைப் பெட்டியைக் கொடுத்துட்டு, பதில் வரலைன்னு சும்மா இருந்துட்டானுங்களே’ என்பாள். அந்த முகாம் அதிகாரி அவளுக்கு எழுதிய கடிதத்தைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பியவள். அவர் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்படியிருக்க, அந்த மலையைப் பற்றி ஒரு சினிமா எடுத்தார்கள். எடுத்தவர்கள் வீட்டுக்கும் வந்து கேட்டார்கள். பெட்டி பழுது என்ற அதே பதிலைச் சொல்லி அனுப்பினார்.

படம் வந்ததும் மருமகளும் தங்கையும் சேர்ந்து பகல் காட்சிக்கு அவரைக் கூட்டிப் போனார்கள். மருமகள் கெட்டிக்காரி. முந்தின நாளே தியேட்டருக்குப் போய்ப் படிகளை எண்ணி, சக்கர நாற்காலி ஏறும் சரிவு எங்கே, கழிப்பறைக் கதவு எவ்வளவு அகலம் என்று பார்த்துவிட்டு வந்தாள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது டயப்பர் மாற்றினாள், மாத்திரையை அரை மணி முன்னதாகக் கொடுத்தாள். அவர் வேஷத்தில் வந்த நடிகரைப் பார்த்ததும் குனிந்து, “மாமா, உங்களைவிட ஒரு முழம் உயரமா ஆள் போட்டிருக்காங்க” என்று காதில் சொன்னாள்.

படத்தில் பெட்டி மீது குண்டு பாய்ந்தது. அந்த உயரமானவன் நாலு நாள் கண்விழித்து, பல்லால் கம்பி கடித்துச் சரிசெய்தான். தோழன் அவன் மடியில் செத்தான். பக்கத்தில் தங்கை வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். அவருடைய நல்ல கை நாற்காலிப் பிடியை விடவேயில்லை.

படம் முடிந்து, வெளிக்கூடத்தில் இரண்டு பேரும் காத்திருந்தார்கள். மருமகள் டாக்ஸி பிடிக்கப் போயிருந்தாள். தங்கை முகம் கழுவிக்கொண்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். பத்து வயது குறைந்தவள் போல இருந்தாள். குண்டு பட்டதற்கு யாரை நோவது, இத்தனை வருஷம் அந்த அதிகாரியை வாய்க்கு வந்தபடி சபித்துவிட்டேனே, உயிரோடு இருந்தால் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றாள். பிறகு அவர் விளங்காத கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“நீங்க செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சீங்கண்ணா. இன்னிக்குத்தான் எனக்கு நெஞ்சு ஆறுச்சு.”

அதை மட்டும் அவள் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் வாயைத் திறந்திருக்க மாட்டார். பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு குழறும். இருந்தாலும் ஒன்று விடாமல் சொன்னார். குண்டு எதுவும் படவில்லை. பெட்டி நன்றாகத்தான் இருந்தது. சாவி கொடுக்க மறந்தேன். மணியைத் தப்பாக வைத்தேன். அவர்கள் தினமும் கூப்பிட்டார்கள், நான்தான் இல்லை.

அவள் கையை விடவில்லை, ஆனால் பிடி தளர்ந்தது.

“எவ்வளவு தப்பு?”

“நாப்பது நிமிஷம்.”

அவர் கையை எடுத்து அவர் மடியிலேயே வைத்தாள். “நாப்பத்தோரு வருஷம் ஆறாத நெஞ்சு, அஞ்சு நிமிஷம் ஆறியிருந்துச்சு. அதையும் எடுத்துட்டீங்களே” என்றாள்.

டாக்ஸி வந்தது. அவரைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். அவள் நாற்காலியின் பிரேக்கைப் போட்டாள், அக்குளுக்கடியில் கை கொடுத்தாள், மருமகள் ‘ஒண்ணு, ரெண்டு’ என்றதும் தூக்கி உட்கார வைத்தாள். தலை இடிக்காமல் கதவின் மேல்விளிம்பில் தன் உள்ளங்கையை வைத்தாள். எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, தான் பஸ்ஸில் போய்க்கொள்வதாகச் சொன்னாள்.

அடுத்த வியாழன் வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. மருமகள் போன் செய்தாள், எடுக்கவில்லை. அத்தைக்கு உங்கள் மேல் என்ன கோபம் என்று துருவினாள். அவர் அவளிடமும் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, அவர் வாயோரம் வழிந்த எச்சிலைத் துடைத்துவிட்டு, ‘முன்னாடியே சொல்லியிருக்கணும், இல்லேன்னா சொல்லாமலே இருந்திருக்கணும்’ என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ஏழாம் வியாழன் தங்கை வந்தாள். உட்காரவில்லை. கட்டில் காலடியில் நின்றாள். அந்த அதிகாரிக்கு எழுதியதாகவும், அவர் இறந்து ஒன்பது வருஷம் ஆகிவிட்டது என்று அவர் மகள் பதில் போட்டதாகவும் சொன்னாள். பிறகு, ஒரே ஒரு விஷயம் கேட்க வந்ததாகச் சொன்னாள்.

“ஹெலிகாப்டர் எப்ப வரும்னு அவன் கேட்டானா?”

“கேட்டான்.”

“என்ன சொன்னீங்க?”

“ஆறு மணிக்குக் கூப்பிடுவாங்க, அப்ப தெரியும்னு சொன்னேன்.”

“ஒவ்வொரு தடவையும்?”

“ஒவ்வொரு தடவையும். அவனும் சரின்னு சொன்னான்.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். நழுவிக் கிடந்த போர்வையை இழுத்து அவர் பாதத்தை மூடினாள். விரல் இல்லாத பக்கத்தில் ஒரு கணம் கை நின்றது. மறுபடி வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.