ஒரே பக்கமாச் சுத்தின ரெண்டு சம்பந்திகள்

எழுதிப் பழக்கமில்லாத கைங்க இது. அஞ்சாவது வரைக்கும் படிச்சதோட சரி. எழுத்து முன்ன பின்ன இருக்கும், சில சமாச்சாரம் மறந்தும் போச்சு. பெரிய மனசு பண்ணிப் படிச்சுக்கோங்க. இது நடந்தது போன தை மாசம், பொங்கல் முடிஞ்சு நாலஞ்சு நாள் இருக்கும். இடம், துடியலூர்ப் பக்கம் எங்க வீட்டுக்குக் கிட்ட இருக்கற ஒரு குளம்.

அந்தக் குளத்தைச் சுத்தி இப்ப நல்ல நடைபாதை போட்டிருக்காங்க. கல்லு பதிச்சு, ஓரத்துல செடி வெச்சு, அங்கங்க உக்கார பெஞ்சும் இருக்கு. மேடு பள்ளம் கிடையாது. என்னையாட்ட முட்டி வலிக்காரிகூட பயமில்லாம நடக்கலாம். டாக்டர் சொன்னதுல இருந்து ரெண்டு வருசமா காலையில போயிட்டு இருக்கேன். யார்கிட்டயும் பேச மாட்டேன், எனக்கு அந்தக் கூச்சம் சின்ன வயசுல இருந்தே உண்டு. தலையைக் குனிஞ்சுட்டுப் போயி, குனிஞ்சுட்டே வந்துருவேன். கேட்டுக்குப் பக்கத்துல அரச மரத்தடியில ஒரு புள்ளையார் இருக்கார். அவரைக் கும்பிட்டுட்டு, கோயில் சுத்தற மாதிரி குளம் வலது கைப்பக்கம் வர்றாப்பலதான் நடப்பேன். வயசுப் பசங்க எந்தப் பக்கம் வேணும்னாலும் ஓடுவாங்க. என் வயசுக்காரங்க யாரும் மாத்திச் சுத்திப் பார்த்ததில்லைங்க.

பொங்கலுக்கு என் மருமகளோட அம்மா, அதாவது எங்க சம்பந்தி, உடுமலைப்பேட்டையில இருந்து வந்திருந்தாங்க. தோட்டத்துல நடந்து பழகின காலு, வேகமா நடப்பாங்க. ஆனா சர்க்கரை வியாதி ரொம்ப இருக்கு. நானும் அவங்களும் ஒருத்தருக்கொருத்தர் குடுக்கற மரியாதையைப் பார்த்து என் மகன் சிரிப்பான். "நீங்க மொதல்ல சாப்புடுங்க, நீங்க மொதல்ல சாப்புடுங்கன்னு ரெண்டு பேரும் சொல்லி முடிக்கறதுக்குள்ள இட்லி ஆறிப்போயிருதும்மா" என்பான்.

அன்னைக்குக் காலையில சம்பந்தியும் நடக்க வரேன்னாங்க. மாத்திரை போட்டுட்டாங்க, வந்து சாப்பிட்டுக்கலாம், ஒரு சுத்துதானேன்னு கிளம்பிட்டோம். மருமகள் வாசல் வரைக்கும் வந்து என்கிட்ட ஒண்ணு சொன்னா. மாத்திரை போட்டா அம்மா நேரத்துக்குச் சாப்பிட்டாகணும், இல்லாட்டி சர்க்கரை இறங்கிரும், போன வருசம் சந்தையிலயே மயங்கி விழுந்துட்டாங்க, சீக்கிரம் வந்துருங்க அத்தைன்னு. நான் சரி கண்ணுன்னேன்.

குளத்துக்குள்ள நுழைஞ்சதும் சம்பந்தி கையில ஒரு சுருக்குப்பை இருக்கறதைப் பார்த்தேன். விருந்தாடி வந்தவங்க பை தூக்கிட்டு நடக்க, நான் கையை வீசிட்டு வர்றதாங்க? கொண்டாங்க நான் வெச்சுக்கறேன்னு கேட்டேன். வேண்டாங்கன்னாங்க. நான் விடல. கிட்டத்தட்டப் பிடுங்கித்தான் வாங்கினேன். அதுக்குள்ள அவங்க போனும், மயக்கம் வந்தா வாயில போட்டுக்கற ஆரஞ்சு மிட்டாயும் இருந்தது அப்ப எனக்குத் தெரியாதுங்க.

கொஞ்ச தூரம் போனதும் என் முட்டி பிடிச்சுக்கிச்சு. எனக்காக அவங்க மெதுவா நடக்கறது எனக்குச் சங்கடமாப் போச்சு. நீங்க ஒரு சுத்து சுத்திட்டு வாங்க, நான் இந்த பெஞ்சுலயே உக்காந்திருக்கேன்னு அனுப்பி வெச்சேன். நாலு தடவை திரும்பிப் பார்த்துட்டுத்தான் போனாங்க.

அவங்க போனப்பறம் எனக்கு ஒதுங்க வேண்டியிருந்தது. கேட்டுக்கிட்ட இருக்கற பாத்ரூம் பூட்டி இருந்தது. சாவி கேக்கக் கூச்சப்பட்டுட்டு நின்னு, அப்பறம் வேற ஒரு அம்மா திறந்ததும் போயிட்டு வந்தேன். பெஞ்சுல வந்து உக்காந்து பார்க்கறேன், பார்க்கறேன், ஆளைக் காணோம். ஒரு சுத்து முடிச்சு எப்பவோ வந்திருக்கணும். வெயில் ஏறிட்டு இருந்தது. மருமகள் சொன்னது அப்பத்தான் ஞாபகம் வந்தது. மடியில இருந்த பையைப் பார்த்தேன். தடவிப் பார்த்தா உள்ள அவங்க போனும் மிட்டாயும் இருக்கு.

எந்திரிச்சு நடக்க ஆரம்பிச்சேன். முட்டி வலி எங்க போச்சோ தெரியலைங்க. ஒவ்வொரு பெஞ்சையும், செடி மறைவையும் பார்த்துட்டே போனேன். தண்ணிப் பக்கம் பார்க்கத்தான் பயமா இருந்தது. அவங்க கட்டியிருந்த மாதிரி பச்சைச் சேலை தூரத்துல தெரிஞ்சா உசுரு வரும், கிட்டப் போனா வேற யாரோ. எதுக்க வர்றவங்க எத்தனை பேர், ஒருத்தரையாவது நிறுத்திக் கேட்டிருக்கலாம். வாய் வரலைங்க.

பாதி வழியில பைக்குள்ள போன் அடிச்சது. எடுத்துப் பார்த்தா என் மருமகள் போட்டோ. எனக்கு எடுக்கத் தெரியும், பச்சையைத் தள்ளினாப் போதும். கட்டைவிரலை வெச்சுட்டேன். என்னன்னு சொல்றது? உங்கம்மாவைத் தொலைச்சுட்டேன்னு சொல்றதா? தன்னோட அம்மா வந்த எடத்துல ஒழுங்காப் பார்த்துக்கத் துப்பில்லைன்னு நினைப்பாளே, எங்கண்ணுல அதுதான் முதல்ல வந்து நின்னது. அடிச்சு ஓயற வரைக்கும் கையில வெச்சுட்டு நின்னேன். மறுபடி அடிச்சது. மறுபடியும் நின்னேன். மூணாவது தடவை அடிச்சப்ப பையோட அடியில போட்டு, முடிச்சை இறுக்கி, மேல முந்தானையை அமுக்கிக்கிட்டேன்.

ஒரு சுத்து முடிஞ்சு அதே பெஞ்சுக்கு வந்தேன். பக்கத்துல உடற்பயிற்சி பண்ணிட்டு இருந்த ஒருத்தர், நான் தேடறதைப் பார்த்துட்டு அவராவே சொன்னார், பச்சைச் சேலை கட்டின அம்மா ஒருத்தங்க கொஞ்ச நேரம் முன்னால இங்க நின்னு பார்த்துட்டு வேகமாப் போனாங்கன்னு. எந்தப் பக்கம்னு கை காட்டினார், நான் போற பக்கமேதான். அவ்வளவுதான், நானும் அதே பக்கம் ஓட்டமும் நடையுமாப் போனேன்.

குளத்தோட அந்தக் கோடியில ஒரு அம்மா சருகு கூட்டிட்டு இருந்தாங்க. ரெண்டு வருசமா தினமும் பார்க்கற அம்மாதான். பார்க்கறதுன்னா, அவங்க சீமாறைத் தள்ளி வழி விடுவாங்க, நான் தாண்டிப் போவேன், அவ்வளவுதான். முகத்தை நிமிந்து பார்த்தது கிடையாது. அன்னைக்கும் தாண்டித்தான் போனேன். அவங்களாத்தான் கூப்பிட்டாங்க.

"ஏனுங்கம்மா, நீங்களும் அந்தப் பச்சச் சேலக்காரம்மாவும் தேரா இழுக்கறீங்க? அவுங்க மூணாந்தடவயாப் போறாங்க, நீங்க ரண்டாந்தடவயா வாரீங்க."

எனக்கு அழுகை வந்துருச்சு. சம்பந்தியைக் காணோம், மாத்திரை போட்டிருக்காங்க, சாப்பிடலைன்னு எப்படியோ சொல்லிட்டேன். அந்தம்மா சீமாறைக் கீழ போட்டுட்டுக் கிட்ட வந்தாங்க.

"ஒரே பக்கமாச் சுத்துனா சாயங்காலம் வரைக்கும் சேர மாட்டீங்கம்மணி. நீங்க திரும்பி எதுக்கால போங்க. நா இங்கயே நிக்கறேன். உங்களத் தாண்டி அவுங்க இங்க வந்துட்டா நா புடிச்சு உக்கார வெச்சுக்கறேன்."

அப்பவும் என் காலு உடனே திரும்பலைங்க. புள்ளையாரைச் சுத்தற வழியில மாத்தி நடக்கறதான்னு ஒரு நொடி நின்னுட்டேன். இப்ப நினைச்சா வெக்கமா இருக்கு. அந்தம்மா என் தோளைப் புடிச்சுத் திருப்பியே விட்டாங்க. சாமியெல்லாம் கோவிச்சுக்காது, போங்கன்னாங்க.

திரும்பி நடந்தேன். குளம் இடது பக்கம் வந்ததும் தெரியாத ஊர்ல நடக்கற மாதிரி இருந்தது. எதுக்க வர்ற எல்லா முகத்தையும் அப்பத்தான் பார்க்க முடிஞ்சது. பெஞ்சைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, அதுக்கும் அப்பால மதகுக்கிட்ட, பாதை ஓரமா மண்ணுல உக்காந்திருந்தாங்க என் சம்பந்தி. செருப்பு ஒரு காலுல இல்லை. முகமெல்லாம் வேர்வை, கை நடுங்கிட்டு இருந்தது. என்னைப் பார்க்கறாங்க, ஆனா அடையாளம் தெரியாத மாதிரி பார்க்கறாங்க.

சுருக்குப்பையோட முடிச்சு அவிழ மாட்டேங்குது. பல்லால இழுத்தேன். மிட்டாய்க் காகிதமும் பல்லாலதான் பிச்சேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வாயில போட்டேன். தலையை என் தோளுல சாய்ச்சுக்கிட்டேன். எத்தனை நேரம்னு தெரியலை, எனக்கு ஒரு நாள் மாதிரி இருந்தது. கண்ணு தெளிஞ்சதும் அவங்க கேட்ட முதல் வார்த்தை, "ஏனுங் சம்பந்தி, முட்டி வலியோட எங்கீங்க போயிட்டீங்க? உழுந்துபோட்டீங்களோன்னு நானு சுத்திச் சுத்தித் தேடறனுங்க."

என்னை பெஞ்சுல காணோம்னதும் முன்னால போயிட்டேன்னு நினைச்சிருக்காங்க. பின்னாலயே பிடிச்சுரலாம்னு அவங்களும் கோயில் சுத்தற பக்கமாவே சுத்தியிருக்காங்க. கிறுகிறுன்னு வந்தும் உக்காரலை, எனக்கு என்னமோ ஆயிருச்சுன்னு.

அப்பறம் மெதுவாச் சொன்னாங்க. "அந்தப் பைய நா குடுத்திருக்கக் கூடாதுங்க. அதுக்குள்ளதான் மிட்டாயி இருக்குதுன்னு சொல்லிருந்தா நீங்களே வாங்கிருக்க மாட்டீங்க. சொல்றதுக்கு ஒரு கூச்சம்."

நான் வாங்கினதும் மரியாதைதான், அவங்க குடுத்ததும் மரியாதைதான்.

கைத்தாங்கலா கேட்டுக்கு வந்தப்ப மருமகள் வண்டியில வந்து இறங்கறா. முகம் செத்துப்போய் இருந்தது. போனை ஏன் எடுக்கலைன்னு கேட்டா. சம்பந்திதான் பதில் சொன்னாங்க, "பைக்குள்ளாற கெடந்துச்சு கண்ணு, எங்க ரண்டு பேருக்குமே கேக்கல." சொல்லிட்டு என் கையை ஒரு அமுக்கு அமுக்கினாங்க. நான் எடுக்காம நின்னது அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சதோ, இன்னைக்கு வரைக்கும் நானும் கேக்கலைங்க.

அன்னைக்கு நான் போனை எடுத்திருந்தா, என்ன பண்ணணும்னு மருமகள் ஒரு நிமிசத்துல சொல்லியிருப்பா. ஒரு உசுரைவிட எம்மேல வர்ற பழி எனக்குப் பெருசாப் போச்சே, அதை நினைச்சா இப்பவும் தூக்கம் வர மாட்டேங்குது. நான் இதை அனுப்பற உங்க பத்திரிகையை மருமகள் தவறாமப் படிப்பா. பேர் போடாட்டியும் இது யாருன்னு அவளுக்குத் தெரிஞ்சுரும். நேர்ல சொல்லத் தைரியம் இல்லாமத்தான் எழுதினேன், படிச்சுட்டு எந்திரிச்சு வந்து என்ன சொன்னாலும் கேட்டுக்குவேன்.

நான் சுத்தினது ஒண்ணரைச் சுத்துங்கறேன், சம்பந்தி தான் சுத்தினது ரெண்டு சுத்துக்கு மேல இருக்கும்கறாங்க. அந்தக் கணக்கும், சர்க்கரை இறங்கினதைப் பத்தி நான் எழுதினதும் சரிதானான்னு விவரம் தெரிஞ்சவங்க யாராவது ஒரு தடவை பார்த்துட்டுப் போடுங்க. என் பயத்துல நான் எதையாவது கூட்டிக் குறைச்சு எழுதியிருக்கலாம்.