பாஸ்வேர்டை ஊருக்கே காட்டிய சர்வர்

இன்று பிம்ப்ரி ஆபீஸில் புது சர்வருக்கு மாறினோம். எங்கள் இணையதளத்தைத் திறந்தால் பக்கத்துக்குப் பதிலாக அதை உருவாக்கும் பி.எச்.பி. நிரலே வந்தது, டேட்டாபேஸ் பாஸ்வேர்டோடு.

"சார், பழைய சர்வர் பி.எச்.பி.யைத் தானாவே ஓட்டும். புது சர்வர் அதைப் பின்னாடி இருக்கிற வேற புரோகிராமுக்கு அனுப்பணும். அப்படி அனுப்பச் சொல்ற வரிகளை நாம இன்னும் எழுதலை. ஊரே பாஸ்வேர்டைப் பாக்குது" என்றேன் இன்ஜினியரிடம், மெதுவாக.

அவர் சிரித்தார். "அரே, ஒன்பதாவதோட நின்னவ எனக்கு கிளாஸ் எடுக்கிறியா? போய் டைப் அடி."

நான் போகவில்லை. சர்வரை நிறுத்தி, அந்த வரிகளை எழுதி, பாஸ்வேர்டையும் மாற்றி, மறுபடி ஓட்டினேன். தளம் வந்தது.

"யாரைக் கேட்டுத் தொட்டே? நாளைக்கு வராதே!"

"வரலை சார்."

வீட்டுக்கு வருவதற்குள் அவரிடமிருந்து மூன்று மிஸ்டு கால். புது பாஸ்வேர்ட் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எடுக்கட்டுமா, சொல்லுங்கள்.