லெச்சுமி போட்ட தேத்தண்ணி

யுத்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் ஆசிரியையாக இருந்தேன். வீட்டு வேலைக்கு விற்கப்பட்டு மீட்கப்பட்ட சிறுமிகளுக்கு, பின்னேரங்களில் அவர்களுடைய விடுதியில் படிப்பிப்பேன். சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறங்கி ஏறி அங்கே போய்ச் சேருவதற்குள்ளேயே பாதி எரிச்சல் வந்துவிடும். மீதியை லெச்சுமி தருவாள்.

ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை அவள். "கொஞ்சம் வீட்டு வேலை செய்தால் போதும், படிக்க வைப்பார்கள்" என்று சொல்லித்தான் ஒரு தரகர் அவளைக் கொழும்புக்குக் கொண்டுபோய் விற்றிருந்தார். கெட்டிக்காரி. ஆனால் தினமும் பாடத்தின் நடுவில் எழும்பிக் குசினிக்குப் போய்விடுவாள்.

அன்று வகுத்தல் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு எழும்பினாள்.

"எங்கை போறாய்?"

"தேத்தண்ணி போட, டீச்சர்."

"நீ படிக்க வந்தனியோ, வேலை செய்ய வந்தனியோ?" என்று கத்தினேன்.

"மொத நாளு நீங்கதானே போட்டுத் தரச் சொன்னீங்க" என்றாள், தலையைக் குனிந்தபடி. "போடலைன்னாலும் படிக்க விடுவீங்களா டீச்சர்?"

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் தங்கள் செல்லப் பிள்ளையிடம்தான் தேத்தண்ணி கேட்பார்கள். அந்த நினைப்பில்தான் நானும் கேட்டேன். தரகரை எத்தனை தரம் திட்டியிருப்பேன். அவளுக்கு அவரும் நானும் ஒன்றுதான்.

"நீ இருந்து கணக்கைச் செய்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனேன். மூன்று மாதமாகக் குடித்த தேத்தண்ணிக்குச் சீனி எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. அங்கிருந்தே அவளைக் கேட்டேன்.

"மேல் தட்டுல, டீச்சர்" என்றாள். எழும்பி வரவில்லை.