இடது கை முறுக்கு

போன வாரம் என் மகன் டிவிக்குப் பின்னால் தலையை விட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் திட்டிக்கொண்டிருந்தான். புதிதாக வாங்கி வந்த டிஸ்க் பிளேயரில் சத்தம் வருகிறது, படம் வரவில்லை. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று வயர். மஞ்சளைப் பிடுங்கி வெள்ளையில் செருகுகிறான், வெள்ளையைப் பிடுங்கிச் சிவப்பில் செருகுகிறான். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது கெட்டது என்று எப்படித் தெரியும்? "ஒண்ணொண்ணா எடுத்துப் பாருடா" என்றேன். "உனக்கு இதெல்லாம் தெரியாதும்மா" என்றான். நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. எனக்குத் தெரியும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அதைத்தான் எழுதுகிறேன். அவர் இதைப் படிப்பார். படிக்கட்டும்.

எனக்குக் கல்யாணமானது எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு வைகாசியில். வாலாஜாபாத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு, பட்டு நெய்கிற குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டேன். எனக்கு அப்பா இல்லை. அரிசி மில்லில் வேலை பார்த்த என் அண்ணன்தான் முன்னால் நின்று எல்லாம் செய்தான். கட்டில், பாத்திரம் என்று எல்லாம் கேட்டு முடித்தவர்கள், கடைசியில் ஒன்று சேர்த்தார்கள். வீட்டில் ரேடியோ இருக்கிறதாம், அதில் மாட்டிப் பாடவைக்க ஒரு ரெக்கார்டு பிளேயர் வேண்டுமாம். கேட்டவர் என் கணவரின் அண்ணன், என் மச்சாண்டார். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். என் அண்ணன் மெட்ராசுக்குப் போய் வாங்கி வந்தான். பஸ்ஸில் யாரும் இடித்துவிடக் கூடாதென்று வழியெல்லாம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தானாம்.

அந்தப் பெட்டிக்குத் தனியாகக் குரல் கிடையாது. தட்டு சுற்றும், முள் அதன்மேல் ஓடும், அவ்வளவுதான். அதன் வயரை ரேடியோவின் முதுகில் இருக்கும் இரண்டு ஓட்டைகளில் செருகிக் குமிழைத் திருப்பினால் ரேடியோ பாடும். அண்ணனே மாட்டிக் காட்டினான். கடைக்காரர் சொல்லிக் கொடுத்ததை எனக்கும் சொன்னான்.

"சத்தம் வரலன்னா பயந்துக்காதம்மா. வயர உருவிட்டு, அந்த ஓட்டையில கொண்டை ஊசிய வெச்சுத் தொட்டுப் பாரு. கொர்ருன்னு கத்துச்சுன்னா ரேடியோ நல்லாருக்குதுன்னு அர்த்தம். அப்பால வயரப் பாரு. பெட்டியக் கடைசியாப் பாரு."

மச்சாண்டார் சிரித்தார். "பொம்பளைக்கு எதுக்குப்பா இதெல்லாம்? நாங்க இல்ல?"

அவர்கள் இருந்தார்கள். அதுதான் வினை.

ஆனி முழுக்க அந்தப் பெட்டி பாடியது. தெருவே வந்து கேட்டது. மச்சாண்டார் நாகஸ்வரத் தட்டைப் போட்டுவிட்டு, தானே வாசித்த மாதிரி மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பெட்டி எங்கள் வீட்டுச் சீர் என்று வாய் தவறிக்கூட ஒரு நாளும் சொன்னதில்லை. அதே ஆனியில் என்னைத் தறியில் உட்கார வைத்துவிட்டார்கள். தறியில் நீளவாக்கில் ஓடுகிற பழைய பாவு நூல் முடிந்தால் புதுப் பாவின் இழைகளை அதன் முனையோடு ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். விரலில் சாம்பலைத் தொட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்து முறுக்கினால் முடிச்சே இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். ஆயிரக்கணக்கான இழை. பச்சையோடு பச்சை, அரக்கோடு அரக்கு என்று நிறம் பார்த்துச் சேர்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். என் கணவர் இடது கைக்காரர். எல்லோர் முறுக்கும் ஒரு பக்கம் போனால் அவருடையது மட்டும் எதிர்ப்பக்கம் போகும். அவர் முறுக்கிய இழை அறுந்து நான் சரிசெய்யப் போனால், என் விரல் வாட்டத்துக்கு அது பிரிந்துகொண்டு வரும். "அவன் முறுக்குனத அவனேதான் தொடணும், நீ கைய வெக்காத" என்று மச்சாண்டார் அதற்கும் என்னைத்தான் வைவார்.

ஆடி பிறந்ததும் வழக்கப்படி அண்ணன் வந்து என்னை ஊருக்கு அழைத்துப் போனான். ஆவணியில் திரும்பி வந்தபோது பெட்டி ஊமையாகியிருந்தது. தட்டு சுற்றியது. முள் ஓடியது. ரேடியோ வாயைத் திறக்கவில்லை. நான் செருப்பைக் கழற்றுவதற்குள் மச்சாண்டார் ஆரம்பித்துவிட்டார்.

"ஒரு மாசம் பாடிட்டு செத்துப்போற பொட்டியா பாத்து வாங்கிக் குடுத்துருக்கறான் உங்கண்ணன். காயலாங்கடையில எடுத்து பாலிஷ் போட்டு நம்ம தலையில கட்டிட்டான்பா."

ஆவணி முழுக்க இதே பேச்சு. புரட்டாசி முழுக்க இதே பேச்சு. சோற்றில் கல் இருந்தால் அது எங்கள் ஊர் மில் அரிசி. குழம்பில் உப்புக் குறைந்தால் அது எங்கள் வீட்டு வளர்ப்பு. என் அண்ணன் ஃபோர்ஜரிக்காரன், ஏமாற்றுக்காரன், தங்கையைத் தள்ளிவிட்டதும் கைகழுவியவன். நான் பரிமாறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். என் கணவர் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. ரசம் கொஞ்சம் ஊத்து என்பார். தன் அண்ணன்மேல் மரியாதை, அதனால் வாயைத் திறக்கவில்லை என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்படியொரு அசடாக இருந்திருக்கிறேன்.

பிறகு ஒரு நாள் மச்சாண்டார் தீர்ப்பும் சொல்லிவிட்டார். "தலை தீபாவளிக்கு அழைக்க உங்கண்ணன் வருவான் இல்ல? வரட்டும். தெருவுல நாலு பெரியவங்கள உக்கார வெச்சிக்கினு, இந்தப் பொட்டி பாடுதா பாருங்கன்னு கேக்கறேன். பாடலன்னா பொட்டியும் போவட்டும், நீயும் அவனோட போம்மா. நல்ல பொட்டி வந்தப்புறம் நீ வந்தாப் போதும்."

என்னை அனுப்புவதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த நாலு பேர் முன்னால் என் அண்ணன் கையைப் பிசைந்துகொண்டு நிற்பானே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பதில் பேசத் தெரியாதவன். மூட்டை தூக்கித் தூக்கித் தோள் சாய்ந்தவன்.

ஐப்பசி பிறந்தது. நெய்து முடித்த புடவையை எடுத்துக்கொண்டு அண்ணன் தம்பி இருவரும் முதலாளி கடைக்குப் போன ஒரு மத்தியானம், நான் கதவைச் சாத்திவிட்டு ரேடியோவைத் திருப்பிப் போட்டேன். வயரை உருவிவிட்டுக் கொண்டை ஊசியை ஓட்டையில் வைத்துத் தொட்டேன். ரேடியோ கொர்ரென்று கத்தியது. ரேடியோ நல்லாயிருக்கிறது. வயரைத் திரும்பச் செருகினேன். செருகிய முனையில் கொண்டை ஊசியால் மறுபடி தொட்டாலும் அந்தக் கொர்ர் வரவில்லை. லேசாக இருந்த இரைச்சல்கூட அடங்கிவிட்டது. அப்படியானால் கோளாறு வயரில், அல்லது வயர் போய்ச் சேருகிற இடத்தில்.

மின்சாரப் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைக் கவிழ்த்து, கத்தி முனையால் அடிப்பலகையின் திருகாணிகளைக் கழற்றினேன். பலகையைத் தூக்கியதும் தெரிந்துவிட்டது. உள்ளே நுழைந்த வயர் ஒரு சாண் தள்ளி அறுந்து, மறுபடி சேர்க்கப்பட்டிருந்தது. அந்த வயரில் நடுவே ஒரு கம்பி, அதற்கு ரப்பர் உறை, உறையைச் சுற்றி மயிரிழை மாதிரி நிறையக் கம்பி. நடுக்கம்பி ஒரு வழி, சுற்றியிருப்பது ஒரு வழி. இரண்டும் தொடவே கூடாது. சேர்த்தவர் அதையெல்லாம் பார்க்கவில்லை. எல்லாம் ஒரே செம்பு நிறம், அதனால் எல்லாம் ஒரே இழை என்று நினைத்து, ஒன்றுவிடாமல் எடுத்து ஒன்றாக முறுக்கியிருக்கிறார். நெசவுக்காரரைத் தவிர உலகத்தில் வேறு யாரும் அந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. அவ்வளவு சுத்தமான வேலை. முறுக்கின் இடுக்கில் சாம்பல்கூட இருந்தது.

முறுக்கைப் பிரிக்க விரலை வைத்தேன். என் விரல் வாட்டத்துக்கு அது தானாகப் பிரிந்துகொண்டு வந்தது.

ஆடியில் நான் இல்லாதபோது உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டிருக்கிறார். வயரை இழுத்து அறுத்திருக்கிறார். தன் அண்ணனுக்குத் தெரியாமல் சேர்த்து மூடியிருக்கிறார். அதுவரைக்கும் எனக்குக் கோபமே இல்லை. யாருக்கும் கை தவறும். ஆனால் அதற்கப்புறம் இரண்டு மாதம், என் அண்ணனைக் களவாணி என்று சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து ரசம் ஊற்றிச் சாப்பிட்டாரே. எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. எழுதும்போது இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

அந்தச் சேர்ப்பை இரண்டு பக்கமும் வெட்டி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். மிச்ச வயரைச் சீவி, நடுக்கம்பியோடு நடுக்கம்பி, சுற்றுக்கம்பியோடு சுற்றுக்கம்பி சேர்த்து, நடுவில் தொடாமல் இருக்கக் கழிவுப் பட்டு நூலைக் கனமாகச் சுற்றினேன். பலகையை மூடித் தட்டைப் போட்டேன். பாடியது. உடனே நிறுத்தினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. மச்சாண்டார் நாலு பேரைக் கூட்டி உட்கார வைத்து மூக்குடைபட வேண்டும் என்று எனக்கு ஆசை. நல்ல ஆசை என்று சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அண்ணன் பழம், பூ, வெற்றிலையோடு வந்தான். மச்சாண்டார் சொன்னபடியே தெருப் பெரியவர்களை உட்கார வைத்திருந்தார். அண்ணன் உட்காரும் முன்பே பேச்சை எடுத்துவிட்டார்.

"உக்காருப்பா. நீ குடுத்த பொட்டி பாடற அழக எல்லாரும் கேக்கட்டும்."

முள்ளைத் தூக்கி வைத்தார். நாகஸ்வரம் வீடே அதிரக் கிளம்பியது. மச்சாண்டாரின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கு அத்தனை சந்தோஷம். பெரியவர்களில் ஒருவர், "நல்லாத்தான பாடுது, இதுக்கா கூப்பிட்ட?" என்றார். மச்சாண்டார் தம்பியைப் பார்த்தார்.

என் கணவர் முன்னால் வந்தார். "வயர்ல கோளாறு இருந்துச்சு. நான்தான் பிரிச்சு சரி பண்ணேன்."

என் அண்ணன் எழுந்துபோய் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "பெரிய மனசு மாப்ள. நீங்க இல்லன்னா இன்னிக்கி என் மானம் போயிருக்கும்" என்றான். கண்ணில் தண்ணீர். அவரும் கையைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

நான் காபி கொண்டுவந்துகொண்டிருந்தேன். தட்டைக் கீழே வைத்தேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்தச் செம்புத் துண்டை மச்சாண்டாரின் உள்ளங்கையில் வைத்தேன்.

"பொட்டிக்குள்ள இது இருந்துச்சு மாமா. யார் கைன்னு பாத்துச் சொல்லுங்க."

அவர் நெசவுக்காரர். யோசிக்கவே இல்லை. விரல் தானாக உருட்டிப் பார்த்தது. "இது இவன் முறுக்கு" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்து வாயை மூடினார். என் அண்ணன் பிடித்திருந்த கையை விட்டான். நாகஸ்வரம் மட்டும் பாடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தக்கூட ஒருவரும் எழவில்லை.

பஸ் ஏற்றிவிட நான்தான் கூடப் போனேன். நிறுத்தத்தில் நின்றதும் அண்ணன், "விட்டுடும்மா. ஒரு வயருதான. ஆம்பளைய அத்தன பேர் முன்னாடி தலை குனிய வெக்கலாமா?" என்றான்.

"வயருக்காக இல்லண்ணா. ரெண்டு மாசமா உன்னத் திருடன்னு சொல்லிக்கினு இருந்தாங்க. இவரு பக்கத்துல உக்காந்து சாப்ட்டுக்கினு இருந்தாரு."

அண்ணன் என்னைப் பார்த்தான். பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்தவன் திரும்பினான்.

"தீபாவளிக்கு நீ மட்டும் வா" என்றான்.

மாப்பிள்ளை இல்லாமல் தலை தீபாவளிக்குப் போனவள் எங்கள் தெருவில் நான் ஒருத்திதான். மச்சாண்டார் என்னையும் பெட்டியையும் சேர்த்து அனுப்புகிறேன் என்றாரே, அப்படியே போனேன், நானாக. அண்ணன் கொண்டுவந்த மாதிரியே மடியில் வைத்துக்கொண்டு போனேன். வாசலில் என் கணவர், "எப்ப வருவ?" என்று கேட்டார். நான் பெட்டியை இறுக்கிக்கொண்டு படியிறங்கினேன்.

பத்து நாளில் திரும்பி வந்தேன். பெட்டி வரவில்லை.