கொழும்புக்குப் போகாத படங்கள்

கோப்புகள் தானாகப் போய்ச் சேருகின்றனவா என்று பார்ப்பதுதான் என் வேலை. சேர்ந்தால் என்னை ஒருவரும் தேடமாட்டார்கள், நின்றுவிட்டால் எல்லாரும் தேடுவார்கள். யாழ்ப்பாணம் கொக்குவிலில் ஒரு ஸ்கான் நிலையம். அங்கே எடுக்கும் படங்களை எங்கள் புரோகிராம் கொழும்பில் இருக்கும் சேர்வர் ஃபோல்டரில் கொண்டுபோய்ப் போடும். அங்கிருந்து ஒரு டொக்டர் பார்த்து நோயைச் சொல்லுவார். ஃபோன் அடித்தாலே திரையைப் பார்க்கிற என் தொழில்காரர்களே, மிச்சம் உங்களுக்கு விளங்கும்.

பச்சை எழுத்து

ஒருநாள் காலை கொழும்பு டொக்டர் ஃபோனில் கூப்பிட்டார். முதல்நாள் மத்தியானத்துக்குப் பிறகு ஒரு படமும் வரவில்லையாம். என் திரையிலோ ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘அனுப்பியாச்சு’ என்று பச்சை எழுத்து. சிவப்பாக இருந்தால் பிழையைத் தேடலாம். பச்சையில் எதைத் தேடுவது?

கடைசியில் பார்த்தால், கொழும்பில் புதுச் சேர்வர் பொருத்தியிருக்கிறார்கள். எங்களுக்குச் சொல்லவில்லை, பழையதை நிறுத்தவுமில்லை. அது எங்கள் படங்களை வாங்கி வாங்கி, ஒருவரும் திறந்து பாராத ஃபோல்டரில் அடுக்கியிருக்கிறது. விலாசத்தை மாற்றி எல்லாவற்றையும் திரும்ப அனுப்பினேன். டொக்டர் சொன்னார்: “பிள்ளை, உம்மடை மிஷின் சொல்லுறதை இனி நம்பாதையும். என்னட்டைக் கேளும்.”

பாதித் தலை

மழைக்கு இன்ரநெற் லைன் மெதுவாகும். தலை ஸ்கான் பெரிய கோப்பு. ஒருநாள் அது போய்க்கொண்டிருக்கும்போதே, முழுதும் வந்துவிட்டதென்று நினைத்து அந்தப் பக்கத்துச் சேர்வர் வந்த பாதியை டொக்டரின் திரையில் போட்டுவிட்டது. போய் முடியும்வரை கோப்புக்கு அந்தச் சேர்வர் தொடாத ஒரு தற்காலிகப் பெயர், முழுதும் போனபிறகு சரியான பெயர் என்று மாற்றியமைத்தேன். அது முடியும்வரை, ஸ்கான் எடுக்கும் தயாளன் அண்ணை என் கதிரைக்குப் பின்னாலேயே நின்றார். “டொக்டர் கேக்கிறார் தங்கச்சி, மிச்சத் தலை எங்கை எண்டு. நான் என்னத்தைச் சொல்ல?”

அனுமதி இல்லை

குருநகரிலிருந்து ஒரு கடற்றொழிலாளியை அவருடைய மனைவி மேரி அக்கா கூட்டிவந்தார். படகில் வழுக்கி விழுந்து சில நாளாம். இப்போது தலையிடி, வாந்தி. ஸ்கான் எடுத்தாயிற்று. படம் போகவில்லை. சேர்வர் உள்ளே விட்டது, ஃபோல்டரும் திறந்தது, அதில் படத்தைப் போடத்தான் விடவில்லை. கொழும்பில் அந்தச் சேர்வரைப் பராமரிப்பவர் எத்தனை தரம் அடித்தும் ஃபோனைத் தூக்கவில்லை. மேரி அக்காவின் புருசன் வாங்கில் இருந்தபடியே தூங்கி விழத் தொடங்கினார்.

“என்ன எழுதியிருக்கு?” என்று என் திரையைப் பார்த்து மேரி அக்கா கேட்டார்.

“அனுமதி இல்லையாம், அக்கா.”

“ஆருடைய அனுமதி?”

டொக்டருக்கே ஃபோன் எடுத்துச் சொன்னேன். அவர் தானே எழும்பிப் போய் அந்தப் பராமரிப்பாளரைத் தேடிப் பிடித்துக் கதிரையில் இருத்தினார். அனுமதி கிடைத்தது, படங்கள் போயின. டொக்டர் உடனே கூப்பிட்டார்: மூளைக்கு மேலே இரத்தம் தேங்கியிருக்கிறது, இந்த நிமிசமே ஆஸ்பத்திரிக்கு ஏற்றுங்கள்.

ஒப்பரேசன் நடந்து அவர் தப்பிவிட்டார். மறுபடி ஸ்கானுக்கு வந்தபோது மேரி அக்கா நேரே என் மேசைக்கு வந்தார். “தங்கச்சி, இண்டைக்கு அனுமதி இருக்கோ? இல்லாட்டி இப்பவே சொல்லும், நான் செபமாலையை எடுக்க.”

இந்த வேலைக்கு வந்ததிலிருந்து, கதவைத் தட்டிக் கடிதத்தைக் கையில் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கிப் போகிற தபாற்காரரைக் கண்டால் எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது.