கண் எழுதாத முகம்

பல் செட் செய்யும் லேபில் மெழுகு செதுக்கிப் பழகிய கை ஆஷ்லியுடையது. லேப் மூடிய பிறகு, விஜயநகர் வீட்டிலேயே சின்னக் கத்திகளும் அரங்களும் வைத்துக்கொண்டு, சிலை சேகரிப்பவர்கள் கொண்டுவரும் பொம்மைகளுக்கு அவர்கள் கேட்கும் முகத்தைச் செதுக்கிக் கொடுத்தான்.

அன்று கையில் இருந்தது ஒரு வீராங்கனைச் சிலை. கனகலக்ஷ்மி அம்மாளின், விபத்தில் இறந்த மகள் ஆசையாக வாங்கியது. அதற்கு மகளின் முகமே வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். அரம் வழுக்கி மூக்கு உடைந்தது. புட்டி வைத்து மறுபடி செதுக்கினான், அதுவும் பெயர்ந்தது. கத்தியைச் சுவரில் வீசினான்.

நர்ஸ் வேலை முடிந்து வந்த மனைவி ஷாரன் அவன் கையையே பார்த்தாள்.

"எப்போலேந்து நடுங்குது?"

"மழைக்காலத்துக்கு முன்னாடியே."

"ஏன் சொல்லல?"

"டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவ. அவங்க இதுக்கு ஒரு பேர் சொல்லிடுவாங்க."

"பேட, வேணாம் ஆஷ்லி, போதும்."

"இத மட்டும் முடிச்சிடறேன். கொஞ்சம் பிடிச்சுக்கோ."

அவள் அவன் மணிக்கட்டை மேஜையோடு அழுத்திப் பிடித்தாள். மூக்கு வந்தது, உதடும் வந்தது. ஆனால் கண் எழுத விரல் தனியாக அசைய வேண்டும். பிரஷ் கன்னமெல்லாம் கறுப்பை இழுத்தது. துடைத்தான், எழுதினான், மறுபடி துடைத்தான். ஷாரன் பிரஷை வாங்கி வைத்தாள்.

போனில் கனகலக்ஷ்மியை அழைத்தான். "அம்மா, கண்ணு என்னால முடியல. இனிமே முடியாது."

"அப்படியே குடுத்துடுங்கோ" என்று அழுதார்.

ஷாரன் ஆஸ்பத்திரிக்கு போன் செய்தாள். அவன் தடுக்கவில்லை.